சுவர் போச்சு... வரி மட்டும் நிக்குது! - யானைக்கவுனி சொல்லும் வியாபாரக் கதை

காலை பத்து மணிக்கு யானைக்கவுனி பாலத்தின் ஓரமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் சூளை, பெரியமேடு. மறுபக்கம் வால்டாக்ஸ் ரோடு, அதைத் தாண்டினால் சௌகார்பேட்டை. கீழே சென்ட்ரலுக்குப் போகிற, சென்ட்ரலிலிருந்து கிளம்புகிற ரயில்கள். மேலே துணி பண்டல், பாத்திர மூட்டை, பிளாஸ்டிக் சாமான், பேப்பர் கட்டு என்று ஊருக்குப் போகும் சரக்குகள். அவற்றைச் சுமந்து வரிசையாக ஊர்ந்து வரும் வண்டிக்குப் பெயர் என்ன தெரியுமா? ‘குட்டி யானை’!

2005-ல் டாடா நிறுவனம் ‘ஏஸ்’ என்று பெயர் வைத்து விற்ற சின்ன லாரி அது. தமிழ்நாட்டில் அதற்கு வழங்கும் பெயர் குட்டி யானை. ‘கவுனி’ என்றால் கோட்டை வாசல். யானைகள் வந்துபோன வாசல் என்பதால்தான் யானைக்கவுனி என்ற பெயர் வந்தது என்று இந்தப் பகுதியில் காலம் காலமாகச் சொல்கிறார்கள். வாசலும் இல்லை, யானையும் இல்லை. ஆனால், குட்டி யானைகள் மட்டும் இன்றைக்கும் இந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

சென்னையின் இந்தச் சின்ன மூலைக்கு ஒரு விசேஷம் உண்டு. கடந்த 300 வருடங்களில் தொழில் உலகத்தில் வந்த பெரிய மாற்றங்களில் பலவும் இந்த வாசலைத் தட்டிவிட்டுத்தான் போயிருக்கின்றன. கைத்தறி போய் மில் வந்தது, நாடகம் போய் சினிமா வந்தது, சந்தை ஊர் மாறியது, ரொக்கம் போய் கியூஆர் கோடு வந்தது. ‘ஏ.ஐ வந்துவிட்டதே, என் வேலை என்ன ஆகும்?’ என்று இன்றைக்குப் பல வீடுகளில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை யானைக்கவுனி பல தலைமுறைகளுக்கு முன்பே கேட்டுவிட்டது. அதற்குக் கிடைத்த பதில்களும் இங்கேயே தெருத் தெருவாகக் கிடக்கின்றன. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?

வரி வாங்காத வரி ரோடு!

முதலில் அந்த வால்டாக்ஸ் ரோடு. ‘வால்’ என்றால் சுவர், ‘டாக்ஸ்’ என்றால் வரி. சுவர் வரிச் சாலை!

1758-59-ல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. அடுத்த பத்து வருடங்களுக்குள் ஹைதர் அலியின் குதிரைப் படை சென்னையின் எல்லை வரை வந்து மிரட்டியது. பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனி, வியாபாரிகளும் உழைப்பாளிகளும் வாழ்ந்த ‘கறுப்பர் நகர’த்தைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் ஒரு மதில் சுவரை எழுப்பியது. கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்ற கான்ட்ராக்டர். அந்த மதிலில் இருந்த வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி.

சுவர் கட்டிய செலவை யார் கொடுப்பது? ‘உங்கள் பாதுகாப்புக்காகத்தானே கட்டினோம், நீங்களே கொடுங்கள்’ என்று உள்ளே குடியிருந்த மக்கள் மீது வரி போட நினைத்தது கம்பெனி. கடைசியில் அந்த வரி வசூலிக்கப்படவே இல்லை என்பது வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் தகவல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவரையும் இடித்துவிட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டை இப்ராகிம் சாகிப் தெருவில் மிச்சமிருக்கும் ஒரு துண்டுச் சுவரின் மேல் மாடிப் பூங்கா இருக்கிறது. சுவரும் போய், வரியும் போய், பெயர் மட்டும் சாலைக்கு நின்றுவிட்டது.

காகிதத்தில் அந்த வரி வசூலாகவில்லை. ஆனால், வேறு ஒரு சுவர் வரியை இந்தப் பகுதி மக்கள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். யாரோ எங்கேயோ முடிவெடுத்துக் கொண்டுவரும் மாற்றத்துக்கு, பக்கத்தில் குடியிருப்பவன் கொடுக்கும் விலை அது.

துணி வெளுத்தவர்கள் எங்கே?

அந்த விலையை முதலில் கொடுத்தவர்கள் நெசவாளர்களும் சலவைத் தொழிலாளர்களும்.

கம்பெனி சென்னைக்கு வந்ததே துணிக்காகத்தான். இங்கே நெய்த துணிகளுக்கு ஐரோப்பாவில் அவ்வளவு கிராக்கி. நெய்து வந்த துணியைக் கப்பலேற்றுவதற்கு முன் வெளுக்க வேண்டும். அந்த வேலைக்காகக் குடியேறியவர்களால் உருவானதுதான் வண்ணாரப்பேட்டை. நெசவாளர்களுக்கென்றே ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில், அதாவது 1717-க்கும் 1720-க்கும் இடையில், திருவொற்றியூர் பக்கத்தில் ஒரு பேட்டை உருவானது. ‘காலெட் பேட்டை’ மக்கள் வாயில் ‘காலடிப்பேட்டை’ ஆகிவிட்டது.

ஒரு நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் இயந்திரத் தறி வந்தது. 1813-ல் இந்திய வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த ஏகபோக உரிமையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நீக்கியது. மான்செஸ்டர் மில் துணி கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கியது. துணி ஏற்றுமதி செய்த ஊர், துணி இறக்குமதி செய்யும் ஊர் ஆனது. வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை என்ற பெயர்கள் மட்டும் மிச்சம்.

ஆனால், கதை அதோடு நிற்கவில்லை. கைத்தறியைச் சாய்த்த அதே இயந்திரத் தறி வடசென்னைக்கே வந்தது. 1876-ல் பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில், அடுத்த சில வருடங்களில் கர்னாடிக் மில். இரண்டும் சேர்ந்து ‘பின்னி மில்’ என்று நம் தாத்தாக்கள் சொன்ன பி அண்டு சி மில். பின்னி காக்கித் துணி நாடெங்கும் பிரபலம். ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அதன் சங்குச் சத்தம்தான் கடிகாரம். ‘மாப்பிள்ளை பின்னியில வேலை’ என்றால் பெண் வீட்டார் யோசிக்காமல் தலையாட்டிய காலம் இருந்தது.

அந்த மில் தொழிலாளிகளின் கஷ்டத்தைப் பார்த்துத்தான் வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுத்தார்கள். 1918 ஏப்ரல் 27-ம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி.வாடியா. திரு.வி.க அதன் பெரிய தூண். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். எட்டு மணி நேர வேலை, லீவு, சங்கம் வைக்கும் உரிமை என்று இன்றைக்கு நாம் சாதாரணமாக அனுபவிக்கும் பல விஷயங்களுக்கான போராட்டத்தில் இந்தத் தெருக்களுக்குப் பங்கு உண்டு.

அவ்வளவு பெரிய மில்லும் 1996-ல் மூடப்பட்டது. பிறகு அதன் வளாகம் சினிமா ஷூட்டிங் ஸ்பாட் ஆனது. சண்டைக் காட்சிகளில் ஹீரோ வில்லனை அடித்துத் தூக்கிப்போடும் பாழடைந்த ஃபேக்டரியைப் பார்த்திருப்பீர்களே? அவற்றில் சில காட்சிகள் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட இந்த இடத்தில் எடுத்தவை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 30 வருடம் ஒரே தறியில் நின்றவருக்குத் தெரிந்த வேலை, அந்தத் தறி இருக்கும்வரைதான் வேலை. மில் மூடிய மறுநாள் அந்தத் திறமைக்கு வெளியே விலை இல்லை. நஷ்ட ஈடு காசு வரும், கரையும். ஐம்பது வயதில் புதிதாக ஒரு தொழிலை எங்கே போய்க் கற்பது? மாற்றம் கேட்கும் விலையில் கொடுமையானது இதுதான். பணத்தைக்கூட மறுபடி சம்பாதிக்கலாம். ‘எனக்கு ஒரு வேலை தெரியும்’ என்ற கர்வம் போனால் திரும்பி வருவது கஷ்டம்.

வால்டாக்ஸ் ரோட்டில் பூ மழை!

இனி கொஞ்சம் சந்தோஷமான காட்சி.

1931 அக்டோபர் 31, தீபாவளி நேரம். தமிழின் முதல் பேசும் படமாகக் கொண்டாடப்படும் ‘காளிதாஸ்’ வெளியானது. இயக்கியவர் எச்.எம்.ரெட்டி. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. படம் தயாரானது பம்பாயில். படச்சுருள் பெட்டி ரயிலில் சென்ட்ரலுக்கு வந்து இறங்கியபோது ஆயிரக்கணக்கில் கூட்டம். அந்தப் பெட்டியை வால்டாக்ஸ் ரோடு வழியாக, கினிமா சென்ட்ரல் தியேட்டர் வரை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் பூ தூவி, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி ஏற்றி, சாமி புறப்பாடு மாதிரி நடந்தது அந்த ஊர்வலம்!

இன்றைக்குக் கட் அவுட்டுக்குப் பால் ஊற்றும் ரசிகர்களைப் பார்த்து யாராவது தலையில் அடித்துக்கொண்டால், ‘இது இன்றைக்கு ஆரம்பித்தது இல்லை சார்’ என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதே வால்டாக்ஸ் ரோட்டில்தான் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. சென்னைக்கு வரும் பெரிய நாடகக் கம்பெனிகள் அங்கேதான் முகாம் போடும். அதாவது, நாடகத்தின் வாசலைத் தாண்டித்தான் சினிமா ஊர்வலம் போனது. அடுத்த சில வருடங்களில் நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடத் தொடங்கின.

நாடகக்காரர்கள் என்ன ஆனார்கள்? நடிக்க, பாட, வசனம் பேசத் தெரிந்தவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம்.ஜி.ஆர், 1936-ல் ‘சதி லீலாவதி’யில் திரைக்கு வந்தார். அவருடைய வறுமைக் கால வாழ்க்கையும் இந்த யானைக்கவுனிப் பகுதியோடு ஒட்டிக்கொண்டது. மேடைதான் மாறியது, திறமை கூடவே வந்தது.

ஆனால், எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. சீன் படுதா இழுத்தவர், மேடைக்கு விளக்குப் பிடித்தவர், ஊர் ஊராக மூட்டை கட்டி ஏற்றியவர், கம்பெனிக்குச் சமைத்தவர், கொட்டகை வாசலில் சோடா விற்றவர்... இவர்கள் பெயரை எந்த சினிமா வரலாறும் எழுதவில்லை. ஒரு தொழில் சாயும்போது மேலே இருப்பவர்கள் அடுத்த படகில் தாவிவிடுகிறார்கள். அடித்தட்டில் இருப்பவர்களுக்குப் படகு மாறுவது அவ்வளவு சுலபம் இல்லை.

கொத்தவால் சாவடி கோயம்பேடு போன கதை

யானைக்கவுனியிலிருந்து கிழக்கே நடந்தால் கொத்தவால் சாவடி. இப்போதைய தலைமுறைக்கு இது மளிகை மொத்தக் கடைகள் இருக்கும் ஒரு நெரிசலான ஏரியா. ஆனால், 1996 வரை சென்னை மாநகரத்துக்கே காய்கறி இங்கிருந்துதான்.

விடியற்காலையில் லாரி லாரியாகக் காய் வந்து இறங்கும். ஒரு சந்தில் மாடு, மறு சந்தில் மூட்டைத் தூக்குபவர், நடுவில் கால் வைத்தால் அழுகிய தக்காளி. ‘கொத்தவால் சாவடி மாதிரி சத்தம் போடாதே’ என்று வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவார்கள். ஊர் பெருத்துவிட்டது, அந்தச் சந்துகள் தாங்கவில்லை. 1996-ல் காய்கறி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் பாரிமுனையிலிருந்த வெளியூர் பஸ் நிலையமும் அதன் பக்கத்துக்கே போனது.

நகரத்துக்கு அது நல்ல முடிவு. அதில் சந்தேகம் இல்லை. மண்டிக்காரர்கள் அங்கே கடை வாங்கி, நிலைத்து, வளர்ந்தார்கள். ஆனால், சாவடியைச் சுற்றி ஒரு தனி உலகம் இருந்தது. பக்கத்துக் குடிசையிலிருந்து நடந்தே வந்து மூட்டை தூக்கியவர்கள். உதிர்ந்த காயைப் பொறுக்கிக் கூறுபோட்டு விற்ற ஆயாக்கள். விடியற்காலை இட்லிக் கடை போட்ட அக்காக்கள். சாக்கு தைத்தவர்கள், கயிறு விற்றவர்கள். இவர்களுக்குக் கோயம்பேட்டில் யார் இடம் ஒதுக்குவார்கள்? பஸ் ஏறிப் போய் வேலை செய்தால் கூலியில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போகும்.

அதே சக்கரம் மறுபடியும் சுற்றுகிறது, பாருங்கள். 2020-ல் கொரோனா காலத்தில் கோயம்பேடு சந்தையை மூடி, திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றினார்கள். அதைத் திறப்பதற்குள் பல சிறு வியாபாரிகள் ஆடிப்போனார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறந்தபோது, ‘எங்கள் பிழைப்பு என்னாவது?’ என்ற கவலை கோயம்பேட்டைச் சுற்றிக் கடை போட்டவர்களுக்கு வந்தது. 2002-ல் பாரிமுனை பட்ட கவலை, 20 வருடம் கழித்து கோயம்பேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடிகாரம் போச்சு, கேசட் போச்சு... அத்தோ இருக்கு!

மாற்றத்தைச் சமாளிப்பது எப்படி என்று பாடம் எடுக்க ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால், பீச் ஸ்டேஷன் எதிரில் இருக்கும் பர்மா பஜாரைக் காட்டலாம்.

1962-ல் பர்மாவில் நே வின் தலைமையில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு வருடங்களில் கடைகள் அரசுடைமை ஆகின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களுக்காக 1969-ல் உருவானது பர்மா பஜார்.

சிறிய பெட்டிக்கடைகள். ஆனால் ‘ஃபாரின் சாமான்’ என்றால் தமிழ்நாடே அங்கேதான் வரும். ஜப்பான் வாட்ச், டூ-இன்-ஒன், சென்ட் பாட்டில், சோப்பு, குடை, கால்குலேட்டர்... அப்போது வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்ய ஆயிரம் கட்டுப்பாடுகள் இருந்தன. அந்தக் கட்டுப்பாடுகள்தான் பஜாரின் முதலீடு! சுங்க அதிகாரிகள் ரெய்டு வருகிறார்கள் என்றால் கண் சிமிட்டும் நேரத்தில் ஷட்டர்கள் இறங்கிய கதைகளும் உண்டு.

1991-ல் பொருளாதாரக் கதவு திறந்தது. 2001 ஏப்ரலில் நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. தெருமுனைக் கடையிலேயே ஃபாரின் சோப்பு கிடைக்கும்போது பீச் ஸ்டேஷன் வரை யார் வருவார்கள்? ‘பர்மா பஜார் அவ்வளவுதான்’ என்றார்கள்.

அவ்வளவுதான் ஆகவில்லை. வீடியோ கேசட் வந்தது, விற்றார்கள். வி.சி.டி, டி.வி.டி வந்தது, திருட்டு டி.வி.டி வழக்குகளையும் பார்த்தார்கள். அதுவும் போய் செல்போன், சார்ஜர், பவர் பேங்க், ப்ளூடூத் ஸ்பீக்கர் வந்தது. இப்போது ஆன்லைன் ஷாப்பிங் வந்து அதையும் கடிக்கிறது. பழையபடி கூட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால், சரக்கு இத்தனை முறை மாறியும் கடைகள் எரிந்துகொண்டிருக்கும் விளக்கோடு நிற்கின்றன. எதை விற்கிறோம் என்பதில் அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. வருகிற ஆளுக்கு என்ன வேண்டும், அது எங்கே மலிவாகக் கிடைக்கும் என்ற கணக்குதான் அவர்களுடைய உண்மையான தொழில். ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கு, எதுவும் நிரந்தரம் இல்லை என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வாட்ச், கேசட், டி.வி.டி என்று டெக்னாலஜி சரக்கு எல்லாம் வந்த வேகத்தில் மறைந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த ஒன்று மட்டும் நாளுக்கு நாள் வளர்கிறது. அதுதான் அத்தோ! நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து, மேலே பேஜோவை நொறுக்கித் தூவி, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பாரிமுனை, வியாசர்பாடி பக்கம் தொடங்கிய அந்தத் தள்ளுவண்டி ருசி, இன்றைக்கு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பக்குவத்தை இதுவரை எந்த மெஷினும் பிடிக்கவில்லை.

தூசு எங்கே போச்சு?

எல்லா மாற்றமும் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ராயபுரத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஒரு காலத்தில் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியும் இரும்புத்தாதுவும் வீட்டுக்குள்ளே தூசாக வந்து உட்காரும். துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் அந்தச் சரக்குகள் நின்றன. ராயபுரம் மூச்சுவிட்டது.

சரி, அந்த நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு! 2001-லேயே அங்கே புதிய துறைமுகம் வந்துவிட்டது. அனல்மின் நிலையங்களின் சாம்பலோடு கொசஸ்தலை ஆற்றில் ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்த மீனவ கிராமங்களின் பக்கத்தில். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய்ப்படலம் வந்தது. வலையும் படகும் கறுத்துப்போய், மீனவர்கள் கையால் எண்ணெயை வாரிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் குறைந்த சுவர் வரி, இன்னோரிடத்தில் கூடியிருக்கிறது.

ஒரு முறை அரசாங்கம் வரி கட்டியது!

மாற்றம் வரும்போது கடைசி மனிதன் நசுங்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. அதற்கும் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது.

சென்ட்ரலில் இறங்கி சௌகார்பேட்டைக்கோ பாரிமுனைக்கோ போக வேண்டும் என்றால் ஒரு காலத்தில் கை ரிக்‌ஷாதான். மனிதனை மனிதன் இழுத்துக்கொண்டு ஓடுவது. வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடியவர்கள் அவர்கள். 1973-ல் மு.கருணாநிதி தலைமையிலான தமிழக அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்தது. வெறுமனே ‘இன்று முதல் தடை’ என்று அறிவித்துவிட்டுப் போகவில்லை. கை ரிக்‌ஷா இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். பழைய வண்டி போனது, அவர்கள் பிழைப்பு போகவில்லை.

அதன் பிறகு ஆட்டோ வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, ஆப் வந்தது, மெட்ரோ வந்தது. சைக்கிள் ரிக்‌ஷாவும் மெல்ல மறைந்தது. 1973-ல் நடந்ததில் பெரிய பொருளாதாரத் தத்துவம் எதுவும் இல்லை. ஒருவன் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கும் முன், அந்தக் கையில் இன்னொன்றைக் கொடு. அவ்வளவுதான்.

மறுபடியும் பாலத்துக்கு வருவோம்...

இன்றைக்கு யானைக்கவுனி என்ன மாற்றத்தில் இருக்கிறது? 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ரொக்கமும் நம்பிக்கையுமாகத் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிப் பழகிய சௌகார்பேட்டையின் சந்துகள் அன்றைக்கு ஸ்தம்பித்தன. அடுத்த வருடம் ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. பில் போடத் தெரியாத சின்ன வியாபாரி கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையனைத் தேட வேண்டியதாயிற்று. பிறகு 2020 ஊரடங்கு. இன்று தங்கசாலையில் வளையல் விற்கும் தள்ளுவண்டியிலும் கியூஆர் கோடு தொங்குகிறது. காசு விழும் சத்தத்துக்குப் பதில் பணம் வந்துவிட்டது என்று ஒரு டப்பா பேசுகிறது.

1933-ல் கட்டிய பழைய யானைக்கவுனி பாலமும் இந்தக் காலத்தில்தான் வலுவிழந்து, கனரக வண்டிகளுக்கு மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. வேலை வருடக்கணக்கில் இழுத்தது. 2024-ல் புதிய பாலத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கும் வரை, இந்தப் பக்கத்துக் கடைக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஊரையே சுற்ற வேண்டியிருந்தது. பெரிய வியாபாரிக்கு அது கூடுதல் டீசல் செலவு. மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றுபவருக்கு அது ஒரு நாளில் போகக்கூடிய நடைகளின் எண்ணிக்கை. இரண்டு நடை குறைந்தால் வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு யோசனைக்கு வந்துவிடும்.

300 வருடக் கதையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இப்படித்தான் வருகிறது. முதல் வைத்திருந்தவர் இடம் மாறிப் பிழைத்தார். எங்கேயும் செல்லுபடியாகும் திறமை வைத்திருந்தவர் மேடை மாறிப் பிழைத்தார். உடம்பை மட்டுமே முதலாக வைத்திருந்தவர்தான் ஒவ்வொரு முறையும் சுவர் வரியைக் கட்டினார். அவருக்கும் ஒரு முறை கை கொடுத்தார்கள், அவரும் பிழைத்தார்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. ஒரே ஒரு மெஷினோடு கட்டிப்போடும் வேலையைக் கற்றால் போதாது. மனிதர்களிடம் பேசவும், கணக்குப் பார்க்கவும், புதிதாக ஒன்றைக் கற்கவும் தெரிந்திருக்க வேண்டும். பர்மா பஜார்க்காரர்களைக் காப்பாற்றியது அதுதான். நமக்கும் ஒரு செய்தி உண்டு. ஆன்லைனில் ஆர்டர் செய்யும்போது நமக்கு மிச்சமாகும் 50 ரூபாயும், புதிய மேம்பாலத்தில் நமக்கு மிச்சமாகும் பத்து நிமிடமும் சும்மா வருவதில்லை. அதற்கான விலையை எங்கேயோ ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கினால், நேரம் இருந்தால், வால்டாக்ஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். சரக்கு ஏற்றிய குட்டி யானை ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உங்களை உரசிப் போகும். அதன் பின்னால், மூட்டைகள் சரிந்துவிடாமல் ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி, கயிற்றின் மேல் உட்கார்ந்து ஒருவர் போவார். கொஞ்சம் ஒதுங்கி அவருக்கு வழிவிடுங்கள். இந்த ஊரின் சுவர் வரியை இத்தனை காலமாகக் கட்டி வருபவர் அவர்தான்.